டேபிள் உறவுப் படம் வரைய எந்த மென்பொருள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேட்டாபேஸில் எந்த டேபிள் எதோடு சேர்கிறது என்பதைக் காட்டும் ஈ.ஆர். படத்துக்கான மென்பொருள்கள் பற்றிய கேள்விகள் இங்கே. எடுத்துக்காட்டு தேவைப்படும் இடங்களில் ஒரு துணிக்கடையின் பில்லிங் டேட்டாபேஸை வைத்துக்கொள்கிறோம். அதில் நான்கு டேபிள்கள்: வாடிக்கையாளர், பில், பில்வரி (பில்லில் வரும் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு வரிசை), சரக்கு. ஒரு பில்லில் மூன்று புடவை, ஒரு வேட்டி வாங்கினால் பில் டேபிளில் ஒரு வரிசை, பில்வரியில் இரண்டு வரிசை.

மென்பொருளைத் தேடும் முன் எதை முடிவு செய்ய வேண்டும்?

படம் ஒன்று சொல்கிறது, டேட்டாபேஸ் வேறொன்று சொல்கிறது. அப்போது எதைத் திருத்துவீர்கள்? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி மென்பொருள்கள் தாமாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

படத்தைத்தான் திருத்துவேன் என்றால் உங்களுக்கு வேண்டியது, ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸைப் படித்துப் படமாக்கித் தரும் கருவி. டிபீவர், ஸ்கீமாஸ்பை இந்த வகை. இவற்றில் படத்தை யாரும் பராமரிக்க வேண்டாம், வேண்டும்போது புதிதாக எடுத்துக்கொள்ளலாம். டேட்டாபேஸைத்தான் திருத்துவேன், வடிவமைப்பு படத்தில்தான் நடக்கிறது என்றால் மைஎஸ்கியூஎல் வொர்க்பெஞ்ச், பிஜிமாடலர், ஆரக்கிள் டேட்டா மாடலர் போன்ற மாடலிங் கருவிகள் வேண்டும். இன்னும் டேட்டாபேஸே இல்லை, நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம் என்றால் டிரா.ஐஓ என்ற பொதுவான வரைபடக் கருவி போதும். வெள்ளைப் பலகையும் மார்க்கரும் அதைவிட வேகம்.

பலர் செய்யும் தவறு, முதல் வகைத் தேவைக்கு இரண்டாம் வகைக் கருவியை வாங்குவது. மாடல் கோப்பை ஒருவர் மட்டும் புதுப்பிப்பார், மற்றவர்கள் நேராக டேட்டாபேஸில் ஃபீல்டு சேர்ப்பார்கள். ஆறு மாதத்தில் படத்தைத் திறந்து பார்க்கக்கூட ஆள் இருக்காது.

டிரா.ஐஓவிலேயே எல்லாப் படமும் வரைந்துவிட முடியாதா?

வரையலாம். ஆனால் டிரா.ஐஓவுக்கு அது வெறும் கட்டமும் கோடும்தான். பில்வரி கட்டத்தில் உள்ள சரக்கு எண் ‘இன்ட்’ (முழு எண்), சரக்கு கட்டத்தில் உள்ள எண் ‘வார்சார்’ (எழுத்து வகை) என்று எழுதினாலும் அது வாயைத் திறக்காது. ஃபீல்டின் பெயரை ஒரு கட்டத்தில் மாற்றினால் மறுமுனையில் மாறாது. பத்துப் பன்னிரண்டு டேபிள் வரை, அதுவும் அறிக்கையில் ஒட்டுவதற்கு என்றால், சமாளிக்கலாம். அதற்கு மேல் கண்ணால் சரிபார்ப்பதே வேலையாகிவிடும்.

மைஎஸ்கியூஎல் பயன்படுத்துகிறோம். எது சரி?

இலவசமாக, படித்தலும் வரைதலும் இரண்டும் வேண்டுமென்றால் மைஎஸ்கியூஎல் வொர்க்பெஞ்ச். ‘டேட்டாபேஸ்’ மெனுவில் ‘ரிவர்ஸ் என்ஜினியர்’ (இருக்கும் டேட்டாபேஸைப் படித்துப் படமாக்குவது) எடுத்து, இணைப்பைத் தேர்ந்து, ஸ்கீமாவை, அதாவது உங்கள் டேபிள்களின் தொகுப்பை, டிக் செய்தால் படம் வந்துவிடும். வழியில் ‘இறக்கிய பொருள்களைப் படத்தில் வை’ என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி வரும். அதை எடுத்துவிட்டால் டேபிள்கள் மாடலில் இருக்கும், படம் மட்டும் இருக்காது. “ஒன்றுமே வரவில்லை” என்று பலர் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வந்த படம் சிக்கலாக இருந்தால் ‘அரேஞ்ச்’ மெனுவில் ‘ஆட்டோலேஅவுட்’ கொடுத்து, மிச்சத்தைக் கையால் நகர்த்துங்கள்.

மரியாடிபி (மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்த டேட்டாபேஸ்) வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனம். வொர்க்பெஞ்ச் மைஎஸ்கியூஎல்லுக்காக எழுதப்பட்டது. மரியாடிபியோடு இணைத்தால் பதிப்புப் பொருந்தவில்லை என்று எச்சரிக்கும், சில நேரம் பாதியில் நின்றுவிடும். அங்கே டிபீவர் தொல்லையில்லாத வழி.

பிஎச்பிமைஅட்மின் மட்டுமே இருக்கும் வாடகை சர்வராக இருந்தால் அதிலேயே ‘டிசைனர்’ என்ற பக்கம் உண்டு. கட்டங்களை அடுக்கிய இடம் நினைவில் இருக்க, பிஎச்பிமைஅட்மினுக்கான சேமிப்பு டேபிள்களைத் தனியாக அமைத்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அடுக்கியதைச் சேமிக்க முடியாது.

போஸ்ட்கிரெஸ் பயன்படுத்தினால் எது சரி?

போஸ்ட்கிரெஸை நிர்வகிக்கும் கருவியான பிஜிஅட்மின் 4-இல் 2021-இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து ஈ.ஆர்.டி. (ஈ.ஆர். படம்) கருவி சேர்ந்தே வருகிறது. டேட்டாபேஸின் மேல் வலது கிளிக் செய்தால் அதற்கான படத்தைத் திறக்கலாம். புதிதாக வரைந்து எஸ்கியூஎல்லும் எடுக்கலாம். ஆனால் அது தருவது டேபிளை உருவாக்கும் எஸ்கியூஎல். ஏற்கெனவே இருக்கும் டேபிளுக்கு என்ன மாற்றம் என்று ஒப்பிட்டு ‘ஆல்டர்’ கட்டளை எழுதித் தருவது அந்தக் கருவியின் வேலை அல்ல.

போஸ்ட்கிரெஸின் தனிச் சங்கதிகள், அதாவது இன்ஹெரிட்டன்ஸ், பார்ட்டிஷன், சொந்த டைப்புகள் எல்லாம் படத்திலேயே வேண்டும் என்றால் பிஜிமாடலர். அதன் மூல நிரல் (சோர்ஸ் கோடு) இலவசம், நீங்களே கம்பைல் செய்துகொள்ளலாம். தயார் நிலை இன்ஸ்டாலர் வேண்டுமென்றால் பணம். லினக்ஸ் பழக்கம் இல்லாதவர்கள் கம்பைல் செய்து ஒரு நாளை வீணாக்குவதைவிட வாங்கிவிடுவது மலிவு.

எஸ்கியூஎல் சர்வரில் ‘டேட்டாபேஸ் டயகிராம்ஸ்’ திறந்தால் ‘வேலிட் ஓனர் இல்லை’ என்று பிழை வருகிறதே?

வேறு கம்ப்யூட்டரில் எடுத்த பேக்கப்பை உங்கள் சர்வரில் ஏற்றியிருப்பீர்கள். அந்த டேட்டாபேஸின் உரிமையாளராகப் பதிவாகியிருக்கும் லாகின் இங்கே இல்லை. டேட்டாபேஸின் ‘பிராப்பர்ட்டீஸ்’ போய் ‘ஃபைல்ஸ்’ பக்கத்தில் ‘ஓனர்’ பெட்டியில் இந்த சர்வரில் உள்ள ஒரு லாகினைக் கொடுங்கள். பொதுவாக ‘எஸ்ஏ’ என்ற நிர்வாகி லாகினைக் கொடுப்பார்கள். பிறகு திறந்தால் துணை டேபிள்களை உருவாக்கவா என்று கேட்கும். சரி என்றால் வேலை முடிந்தது.

இந்தப் படங்களைத் திறக்கும் எஸ்எஸ்எம்எஸ் (எஸ்கியூஎல் சர்வர் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோ) 18.0-வில் இந்த வசதியே இல்லாமல் போய், 18.1-இல் திரும்பி வந்தது. அந்த ஒரு பதிப்பில் மாட்டிக்கொண்டவர்கள் புதுப்பித்தால் போதும்.

இதில் தெரிந்திருக்க வேண்டிய இரண்டு விஷயம். படங்கள் தனிக் கோப்பாக அல்ல, டேட்டாபேஸுக்குள்ளேயே சேமிக்கப்படுகின்றன. பேக்கப்போடு சேர்ந்தே போகும், மின்னஞ்சலில் அனுப்ப முடியாது. அடுத்தது கொஞ்சம் ஆபத்தானது. இந்தப் படத்தில் ஒரு ஃபீல்டை நீக்கிவிட்டுச் ‘சேமி’ கொடுத்தால் படத்தில் மட்டுமல்ல, உண்மையான டேபிளிலும் நீங்கும். படம்தானே என்று லைவ் சர்வரில் விளையாட வேண்டாம்.

ஆரக்கிளுக்கு?

ஆரக்கிள் எஸ்கியூஎல் டெவலப்பர் டேட்டா மாடலர். இலவசம், கனமான கருவி. இதில் எல்லாரும் ஒருமுறை விழும் குழி: வடிவமைப்பைச் சேமித்தால் ‘டிஎம்டி’ என்று முடியும் ஒரு சிறு கோப்பும், அதே பெயரில் ஒரு ஃபோல்டரும் உருவாகும். விவரமெல்லாம் ஃபோல்டருக்குள். கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துப் போனால் அங்கே திறக்க ஒன்றும் இருக்காது.

டேபிள்கள் எல்லாம் படத்தில் வந்துவிட்டன. கோடுகள்தான் ஒன்றுகூட இல்லை. மென்பொருள் பழுதா?

பெரும்பாலும் மென்பொருள் மேல் குற்றமில்லை. ரிவர்ஸ் என்ஜினியரிங் செய்யும் கருவி கோடு போடுவது ஃபாரின் கீயைப் பார்த்துத்தான். அதாவது ‘இந்த ஃபீல்டு அந்த டேபிளின் வரிசையைச் சுட்டுகிறது’ என்று டேட்டாபேஸில் எழுதிய அறிவிப்பு. பில் டேபிளில் ‘வாடிக்கையாளர் எண்’ என்று ஃபீல்டு இருக்கலாம், புரோகிராமில் ஜாயின் போட்டு ஓடிக்கொண்டும் இருக்கலாம். டேட்டாபேஸில் ஃபாரின் கீ அறிவிக்கப்படாவிட்டால் அது கருவிக்கு இன்னொரு எண், அவ்வளவுதான். ஆகவே வேறு மென்பொருளை இறக்கிப் பார்க்கும் முன் டேட்டாபேஸையே கேளுங்கள். மைஎஸ்கியூஎல்லில் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் (டேட்டாபேஸ் தன் டேபிள்களைப் பற்றிய விவரத்தை வைக்கும் இடம்) ‘கீ காலம் யூசேஜ்’ என்ற வியூ, அதாவது டேபிள் போலவே படிக்கக்கூடிய பட்டியல், இருக்கிறது. அதில் ‘ரெஃபரன்ஸ்டு டேபிள் நேம்’ காலியாக இல்லாத வரிசைகளை எண்ணுங்கள். பூஜ்யம் வந்தால் எந்தக் கருவியும் கோடு போடாது.

ஃபாரின் கீ எழுதியதாகவே நினைவிருக்கிறது, ஆனாலும் பூஜ்யம் என்றால் மைஎஸ்கியூஎல்லில் இரண்டு பழைய வழக்கங்களைச் சந்தேகியுங்கள். மைஐஎஸ்ஏஎம் வகை டேபிளில் ஃபாரின் கீ எழுதினால் பிழை சொல்லாமல் வாங்கிக்கொண்டு தூக்கி எறிந்துவிடும். 5.5 பதிப்பில்தான் ஃபாரின் கீயை மதிக்கும் இன்னோடிபி இயல்பு வகையானது, அதற்கு முன் தொடங்கிய டேட்டாபேஸ்களில் இது சகஜம். அடுத்தது, ஃபீல்டை அறிவிக்கும் அதே வரியில் ‘ரெஃபரன்சஸ்’ என்று ஒட்டி எழுதுவது. மைஎஸ்கியூஎல் 8 வரை இதையும் சத்தமில்லாமல் விட்டுவிடும். தனி வரியில் ‘ஃபாரின் கீ’ என்று எழுதினால்தான் ஏறும்.

போஸ்ட்கிரெஸில் காரணம் வேறு. இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் கன்ஸ்ட்ரெயின்ட்களை (ஃபாரின் கீ போன்ற விதிகளை) காட்டும் வியூ, அந்த டேபிளின் உரிமையாளருக்கோ ‘செலக்ட்’ தவிர வேறு ஏதாவது அனுமதி உள்ளவருக்கோ மட்டும்தான் காட்டும். பாதுகாப்புக்காகப் படிக்க மட்டும் அனுமதியுள்ள யூசரைக் கொடுத்திருப்பீர்கள். கருவி அந்த வியூவை நம்பினால் டேபிள் தெரியும், கோடு தெரியாது. டேபிள் உரிமையாளராக ஒருமுறை இணைத்துப் பாருங்கள். கோடு வந்துவிட்டால் காரணம் அதுதான்.

எஸ்கியூலைட்டில் கதை தலைகீழ். கோடு அழகாக வரும். ஆனால் ஒவ்வொரு இணைப்பிலும் ஃபாரின் கீ சோதனையை ‘பிராக்மா’ என்ற அமைப்புக் கட்டளை மூலம் இயக்காவிட்டால் அந்த விதியை டேட்டாபேஸ் கடைப்பிடிப்பதே இல்லை. இல்லாத வாடிக்கையாளருக்கும் பில் போட்டுவிடலாம்.

ஃபாரின் கீ சேர்க்க உங்களுக்கு உரிமை இல்லை, படம் மட்டும் வேண்டும் என்றால் இரண்டு வழி. டிபீவரில் ‘விர்ச்சுவல் ஃபாரின் கீ’ போடலாம். அது உங்கள் டிபீவருக்குள் மட்டும் இருக்கும், பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியாது. ஸ்கீமாஸ்பை ஃபீல்டுகளின் பெயரையும் வகையையும் ஒப்பிட்டு ‘இது உறவாக இருக்கலாம்’ என்று ஊகித்துத் தனியாகக் காட்டும். ஊகம் ஊகம்தான், ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.

கோட்டின் முனையில் காக்கைக்கால் போல இருக்கிறதே, அதை எப்படிப் படிப்பது?

மூன்று விரலாகப் பிரியும் முனை ‘பல’. குறுக்குக் கோடு ‘ஒன்று’. சிறு வட்டம் ‘இல்லாமலும் இருக்கலாம்’. முனையில் இரண்டு குறிகள் இருக்கும். கட்டத்தை ஒட்டியது அதிகபட்சம், கொஞ்சம் தள்ளியிருப்பது குறைந்தபட்சம். வாடிக்கையாளருக்கும் பில்லுக்கும் இடையிலான கோட்டில் பில் பக்கம் காக்கைக்காலும் வட்டமும் இருந்தால், ஒரு வாடிக்கையாளருக்குப் பில் இல்லாமலும் இருக்கலாம், பலவும் இருக்கலாம். வாடிக்கையாளர் பக்கம் இரண்டு குறுக்குக் கோடு இருந்தால் ஒவ்வொரு பில்லுக்கும் கட்டாயம் ஒரே ஒரு வாடிக்கையாளர். பெயர் சொல்லாமல் ரொக்கம் கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கும் பில் போடும் கடையென்றால் அந்தக் குறி தவறு, அங்கே வட்டம் வர வேண்டும். அதாவது அந்த ஃபீல்டு ‘நல்’ (மதிப்பே இல்லாத நிலை) ஏற்க வேண்டும்.

கருவி போட்ட குறியை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஃபாரின் கீ ஃபீல்டு ‘நல்’ ஏற்குமா, ‘யூனிக்’ ஆக (ஒரே மதிப்பு இரண்டாம் முறை வராதபடி) இருக்கிறதா என்பதிலிருந்து சிலவற்றைக் கணிக்கலாம். ஆனால் ‘ஒவ்வொரு பில்லிலும் ஒரு பில்வரியாவது இருக்க வேண்டும்’ என்ற விதியை ஃபாரின் கீயால் சொல்லவே முடியாது. அந்த முனையில் வட்டமா கோடா என்பது அந்தக் கருவியின் இயல்பு அமைப்பு. கையால் திருத்த வேண்டியது உங்கள் வேலை.

கல்லூரியில் வைரமும் நீள்வட்டமும் போட்டு வரையச் சொல்கிறார்கள். வொர்க்பெஞ்சில் அது எங்கே?

இல்லை. அது பீட்டர் சென் 1976-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த குறியீடு. அதில் டேபிள் என்ற பேச்சே இல்லை: பொருள், பண்பு, உறவு ஆகிய கருத்துகள் மட்டும். டேட்டாபேஸ் கருவிகள் அதற்கு அடுத்த கட்டத்தை வரைபவை. ரெக்கார்டு நோட்டுக்கு டிரா.ஐஓ அல்லது டியா என்ற வரைபட மென்பொருள் எடுத்துக்கொண்டு உருவங்களை நீங்களே அடுக்குங்கள்.

எழுத்தாக எழுதினால் படமாகும் கருவிகள் நல்லவையா?

கிட் (கோப்புகளில் யார் எதை மாற்றினார்கள் என்று பதிந்துவைக்கும் மென்பொருள்) பயன்படுத்தும் குழுவுக்கு இவைதான் எங்கள் முதல் பரிந்துரை. டிபிடயகிராம்.ஐஓவில் டிபிஎம்எல் என்ற எளிய மொழியில் டேபிள்களை எழுத வேண்டும். உறவுக்கு ஒரு குறி போதும்: பில்லின் வாடிக்கையாளர் எண், பிறகு >, பிறகு வாடிக்கையாளரின் எண். > என்றால் பலவற்றிலிருந்து ஒன்றுக்கு, < என்றால் ஒன்றிலிருந்து பலவற்றுக்கு, வெறும் - என்றால் ஒன்றுக்கு ஒன்று. எஸ்கியூஎல் கோப்பை டிபிஎம்எல்லாகவும் அதைத் திருப்பி எஸ்கியூஎல்லாகவும் மாற்றக் கட்டளை வரிக் கருவி உண்டு.

மெர்மெய்டு இன்னொன்று. கிட்ஹப் 2022 முதல் மார்க்டவுன் கோப்புக்குள் மெர்மெய்டை நேரடியாகப் படமாக்கிக் காட்டுகிறது. தனி மென்பொருளே வேண்டாம். குறை என்னவென்றால் கட்டங்களை உங்கள் விருப்பப்படி நகர்த்த முடியாது. இருபது டேபிள் தாண்டினால் கோடுகள் நூல்கண்டு போலச் சிக்கிவிடும். டிபிடயகிராமில் இழுத்து நகர்த்தலாம்.

லாபம் எங்கே என்றால், சரக்கு டேபிளில் ‘ஜிஎஸ்டி விகிதம்’ சேர்த்தால் கிட் ஒப்பீட்டில் அந்த ஒரு வரி மட்டும் பச்சையாகத் தெரியும், ரெவ்யூ செய்பவர் உடனே கேள்வி கேட்பார். வொர்க்பெஞ்சின் ‘எம்டபிள்யூபி’ கோப்பு உண்மையில் ஒரு ஜிப். கிட்டுக்கு அது ‘ஏதோ மாறியிருக்கிறது’ என்பதோடு சரி. இரண்டு பேர் ஒரே நாளில் திருத்தினால் ஒருவர் செய்த திருத்தம் போய்விடும்.

படத்தில் செய்த மாற்றத்தை நேராக டேட்டாபேஸில் ஏற்றலாமா?

ஏற்றலாம், சரியான பொத்தானை அழுத்தினால். வொர்க்பெஞ்சில் ‘ஃபார்வர்ட் என்ஜினியர்’ வெறுமையான டேட்டாபேஸுக்கு. அதில் ‘ஒவ்வொரு கிரியேட்டுக்கு முன்பும் டிராப் எழுது’, அதாவது உருவாக்கும் முன் பழையதை நீக்கு, என்று ஒரு டிக் இருக்கிறது. டேட்டா உள்ள சர்வரில் அதை டிக் செய்து ஓட்டினால் டேபிள் புதிதாக, சுத்தமாக, காலியாக வரும். டேட்டா உள்ள இடத்துக்கு ‘சிங்க்ரனைஸ் மாடல்’ எடுக்க வேண்டும். அது ஒப்பிட்டு ‘ஆல்டர்’ கட்டளைகளைக் காட்டும்.

அதையும் படிக்காமல் ஓட்டக்கூடாது. ‘செல்பேசி’ என்ற ஃபீல்டை ‘கைபேசி’ என்று பெயர் மாற்றியிருப்பீர்கள். பெயர் மாறியதை ஒப்பிடும் கருவி உணராவிட்டால் பழையதை நீக்கு, புதியதைச் சேர் என்று எழுதிவிடும். எண்கள் எல்லாம் போய்விடும். வந்த எஸ்கியூஎல்லில் ‘டிராப்’ என்ற சொல்லைத் தேடுங்கள். இருந்தால் ஏன் இருக்கிறது என்று தெரியும்வரை கையை எடுத்துக்கொள்ளுங்கள்.

200 டேபிள் இருக்கிறது. ஒரே படத்தில் காட்ட எது நல்லது?

எதுவும் நல்லதல்ல, யாரும் படிக்க மாட்டார்கள். ஏ3 தாளில் ஃபீல்டு பெயர்களோடு படிக்கும்படி இருக்க 20, 25 டேபிள்தான் எல்லை. விற்பனை, கொள்முதல், சம்பளம் என்று பிரித்துத் தனித்தனிப் படமாக வையுங்கள். சரக்கு போலப் பல இடத்தில் வரும் டேபிளை ஒவ்வொரு படத்திலும் சாவி ஃபீல்டுகளோடு மட்டும் காட்டினால் போதும். வொர்க்பெஞ்சில் ஒரே மாடலுக்குள் பல படம் வைக்கலாம், டிபீவரில் வேண்டிய டேபிள்களை மட்டும் இழுத்துப் போட்டுத் தனிப் படம் செய்யலாம்.

முழு ஸ்கீமாவையும் ஆவணப்படுத்த ஸ்கீமாஸ்பை. இது ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு வலைப்பக்கம் செய்து, அதன் அண்டை டேபிள்களைச் சிறு படமாகக் காட்டும். ஓட ஜாவாவும், உங்கள் டேட்டாபேஸுக்கான ஜேடிபிசி டிரைவர் கோப்பும் (ஜாவா நிரலை டேட்டாபேஸோடு இணைப்பது) வேண்டும். படத்துக்கு கிராஃப்விஸ் என்ற படம் வரையும் மென்பொருளை நிறுவ வேண்டும். இல்லாவிட்டால் கூடவே வரும் விஸ்.ஜேஎஸ் விருப்பத்தைக் கொடுக்கலாம். இரவில் தானாக ஓடும்படி வைத்துவிட்டால் படம் பழையதாகிவிட்டது என்ற பேச்சே எழாது.

ஆன்லைன் கருவியில் ஸ்கீமாவை ஒட்டுவது பாதுகாப்பா?

வாடிக்கையாளரின் டேட்டாபேஸ் என்றால் ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். லைவ் சர்வரின் பாஸ்வேர்டை எந்த இணையக் கருவிக்கும் கொடுக்க வேண்டாம், ஸ்கீமாவை மட்டும் கோப்பாக எடுத்துக் கொடுங்கள். டேட்டாபேஸைக் கோப்பாக எடுக்கும் கருவிகளில் அதற்கு வழி உண்டு: மைஎஸ்கியூஎல்டம்ப்பில் ‘நோ டேட்டா’ விருப்பம், போஸ்ட்கிரெஸின் பிஜிடம்ப்பில் ‘ஸ்கீமா ஒன்லி’ விருப்பம்.

டேட்டா இல்லாத கோப்பிலும் கசிவு உண்டு. தானாகக் கூடும் எண் உள்ள ஒவ்வொரு டேபிளின் முடிவிலும் மைஎஸ்கியூஎல்டம்ப் ஆட்டோ இன்கிரிமென்ட் எண்ணை, அதாவது அடுத்து வரப்போகும் எண்ணை, எழுதிவைக்கும். பில் டேபிளில் அது 48211 என்றிருந்தால் கடையில் இதுவரை ஏறக்குறைய எத்தனை பில் போட்டார்கள் என்று யாரும் கணக்கிடலாம். ஒட்டும் முன் அழித்துவிடுங்கள். டிரிக்கர்கள் (டேபிளில் மாற்றம் வரும்போது தானாக ஓடும் கட்டளைகள்) இயல்பாகவே சேர்ந்து வரும், அவற்றில் வரும் ‘டிலிமிட்டர்’ வரிகளில்தான் பல இறக்குமதிக் கருவிகள் தடுக்கி விழுகின்றன. ‘ஸ்கிப் டிரிக்கர்ஸ்’ சேர்த்துக்கொண்டால் இந்தப் பிரச்சினை இல்லை.

பணம் கொடுத்து வாங்கும் கருவிகள் யாருக்கு?

எர்வின், ஈஆர்/ஸ்டூடியோ, பவர்டிசைனர் எல்லாம் பெரிய நிறுவனங்களுக்கானவை. ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர், போஸ்ட்கிரெஸ் மூன்றும் ஓடும் இடத்தில் ஒரே கருத்து மாடலிலிருந்து மூன்றுக்கும் தனித்தனி வடிவம் எடுப்பது, பெயரிடும் விதியைக் கட்டாயமாக்குவது, ஒரு ஃபீல்டை மாற்றினால் எங்கெல்லாம் உடையும் என்று பார்ப்பது போன்றவற்றுக்கு. ஒரே டேட்டாபேஸ், ஐந்து பேர் குழு என்றால் அந்தப் பணத்துக்கு நல்ல மானிட்டர் வாங்கலாம்.

டெமோ பார்த்தால் எல்லாமே நன்றாக இருக்கிறது. எப்படிச் சோதிப்பது?

எல்லா டெமோவும் நேரான ஃபாரின் கீ உள்ள டேபிள்களையே காட்டும். நீங்கள் கோணலானவற்றை வைத்து எட்டு டேபிளில் ஒரு சோதனை ஸ்கீமா செய்யுங்கள். பில் எண், வரி எண் இரண்டும் சேர்ந்து பிரைமரி கீ (வரிசையைத் தனித்து அடையாளம் காட்டும் சாவி) ஆன பில்வரி இருக்கட்டும். தன் மேலாளரைத் தன் டேபிளிலேயே சுட்டும் ஊழியர் டேபிள் இருக்கட்டும். முகவரி டேபிளை பில் டேபிள் இரண்டு முறை சுட்ட வேண்டும்: பில் முகவரி, டெலிவரி முகவரி. ‘நல்’ ஏற்கும் ஒரு ஃபாரின் கீ, ஒன்றுக்கு ஒன்றான ஒரு ஜோடி, தமிழில் ஒரு கமென்ட்டும் வேண்டும்.

கருவியில் ஏற்றிப் பாருங்கள். இரட்டைச் சாவி ஒரே கோடாக வருகிறதா, இரண்டு கோடாகப் பிரிகிறதா? முகவரிக்கு இரண்டு கோடும் தனித்தனியே தெரிகிறதா, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒன்றுபோலத் தெரிகிறதா? கட்டங்களை ஒழுங்காக அடுக்கிச் சேமித்துவிட்டு, டேட்டாபேஸில் ஒரு ஃபீல்டு சேர்த்து மறுபடி புதுப்பியுங்கள். அடுக்கிய அடுக்கு அப்படியே இருந்து புது ஃபீல்டு மட்டும் வந்தால் அது தேறும். எல்லாக் கட்டமும் மூலைக்கு ஓடினால் ஒவ்வொரு முறையும் உங்கள் அரை நாளை அது தின்னும். எந்த விளம்பரப் பக்கத்திலும் இந்தக் கடைசிச் சோதனையின் விடை இருக்காது.

தமிழ்க் கமென்ட்கள் பி.டி.எஃப்.பில் கட்டம் கட்டமாகவோ, கொம்பு இடம் மாறியோ வருகின்றனவே?

இரண்டும் வேறு வேறு நோய். வெறும் கட்டங்கள் வந்தால் அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை. கிராஃப்விஸ் வழியாக வரும் படமென்றால் எழுத்துருப் பெயரை நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றாக மாற்றுங்கள். அது நீங்கள் பார்க்கும் கம்ப்யூட்டரில் இருந்தால் போதாது, படத்தை உருவாக்கும் சர்வரில் நிறுவப்பட்டிருக்க வேண்டும்.

எழுத்து வருகிறது, ஆனால் ‘கொள்முதல்’ என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் நிற்கிறது என்றால் பி.டி.எஃப். செய்யும் பகுதிக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. எழுத்துரு மாற்றிப் பயனில்லை. எஸ்.வி.ஜி.யாக ஏற்றுமதி செய்து, அதை பிரவுசரில் திறந்து, அங்கிருந்து பி.டி.எஃப்.பாக அச்சிடுங்கள். கோக்கும் வேலையை பிரவுசர் பார்த்துக்கொள்ளும்.

கேள்விக்குறிகளாக வந்தால் படக் கருவியை விட்டுவிடுங்கள். டேட்டாபேஸில் ஏறும்போதே இணைப்பின் எழுத்துக்குறி யூடிஎஃப் 8 ஆக இல்லாமல் போயிருக்கும். ஏறிய கேள்விக்குறியிலிருந்து தமிழைத் திரும்ப எடுக்க வழியில்லை, கமென்ட்டை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதுதான்.